'சென்னைப் பூங்கா' ஸ்டேஷனில் பூங்கா எங்கே?

பீச்சிலிருந்து தாம்பரம் போகிற மின்சார ரயிலில் ஏறினால் கோட்டைக்கு அடுத்த நிறுத்தம் பார்க். மஞ்சள் பலகையில் கொட்டை எழுத்தில் சென்னைப் பூங்கா என்றே எழுதியிருக்கும். சென்ட்ரலில் ரயில் பிடிக்கிறவர்கள் பெட்டியும் பையுமாக இங்கேதான் இறங்கி, சாலையைக் கடந்து ஓடுவார்கள். பக்கத்திலேயே பறக்கும் ரயிலுக்கும் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, அதற்குப் பூங்கா நகர் என்று பெயர். சுற்றுவட்டாரம் முழுக்கவே பார்க் டவுன்தான். சரி, அந்த பார்க் எங்கே? தினமும் இந்த வழியாகப் போய்வருகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், நிமிர்ந்து ஒருமுறை நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பார்க்கா? அது சும்மா பேருங்க" என்பார்கள்.

சும்மா பேர் இல்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வடக்கே, சென்ட்ரலில் தொடங்கிப் பெரியமேடு வரைக்கும் ஒரு காலத்தில் 116 ஏக்கரில் ஒரு பூங்கா இருந்தது. பீப்பிள்ஸ் பார்க், அதாவது மக்கள் பூங்கா. உள்ளே 11 குளங்கள், வளைந்து வளைந்து போகும் ஐந்தரை மைல் பாதை, குளிக்க ஒரு பொதுக் குளியலிடம், பாண்டு வாத்தியம் வாசிக்க ஒரு மண்டபம், டென்னிஸ் மைதானம், இதற்கெல்லாம் நடுவில் ஒரு மிருகக்காட்சி சாலை. ஐந்தரை மைல் என்றால் கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர். நகரத்தின் வாசலில், ஒரு பைசா டிக்கெட் இல்லாமல், 9 கிலோமீட்டர் மரநிழலில் நடக்கலாம் என்பதை இன்றைக்கு சென்ட்ரல் சிக்னலில் பஸ் புகையைக் குடித்துக்கொண்டு நிற்கும்போது நினைத்துப் பார்த்தால் யாரோ அளந்த கதை மாதிரி இருக்கும்.

இவ்வளவு பெரிய பூங்கா எப்படிக் காணாமல் போனது என்பதுதான் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்த விஷயம். போர் வரவில்லை, வெள்ளம் அடித்துக்கொண்டு போகவில்லை, 'இன்று முதல் பூங்கா மூடப்படுகிறது' என்று யாரும் உத்தரவு போடவும் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் எழும்பூர் மியூசியத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எட்வர்டு பால்ஃபர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனி படையில் டாக்டர். 1834-ல் இந்தியாவுக்கு வந்தவர். டாக்டர் வேலை போக மீதி நேரத்தில் அவர் கைவைக்காத துறை இல்லை என்று சொல்லலாம். இந்தியாவைப் பற்றி ஒரு பெரிய கலைக்களஞ்சியம் தொகுத்தார், 1850-ல் சென்னையில் முஸ்லிம்களுக்கான பொது நூலகம் ஒன்று வருவதற்குக் காரணமாக இருந்தார், பின்னாளில் பெண்கள் மருத்துவம் படிக்க வேண்டும் என்று வாதாடினார். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி 1875-ல் பெண்களைச் சேர்த்துக்கொண்டதில் அவருக்கும் பங்கு உண்டு. ஒரு பகுதியில் மரங்களை வெட்டினால் அங்கே மழை குறையுமா, தட்பவெப்பம் மாறுமா என்று 1840-களிலேயே எழுதிய ஆள் அவர். சென்னை மாகாணத்தில் காடுகளைப் பாதுகாக்க ஒரு தனி இலாகா வேண்டும் என்ற பேச்சு எழுந்து, 1856-ல் ஹ்யூ கிளெக்கார்ன் அதற்குத் தலைமை ஏற்றதன் பின்னணியில் இந்த எழுத்துகளும் இருந்தன. பூங்காவின் கதை அவரிடம் தொடங்குவதால் இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1851-ல் சென்னை அருங்காட்சியகம் தொடங்கியபோது அதன் முதல் பொறுப்பாளர் பால்ஃபர்தான். அப்போது மியூசியத்துக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. நுங்கம்பாக்கத்தில் இருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில், பெரும்பாலும் கல்லும் தாதுவுமாகச் சுமார் 1,100 மாதிரிகளை வைத்துக் கடை திறந்தார்கள். கொஞ்ச வருஷத்தில் பொருட்கள் பெருகி இடம் போதாமல் எழும்பூரில் பாந்தியன் என்ற வளாகத்துக்கு மாறியது. இப்போதும் மியூசியம் அங்கேதான், சாலைக்கும் பாந்தியன் ரோடு என்றுதான் பெயர்.

கல்லைப் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்? ஆனால் மியூசியத்தில் ஒரு புலியை உயிரோடு வைத்ததும் ஜனங்கள் திரண்டு வந்ததை பால்ஃபர் கவனித்தார். கூட்டத்தைப் பார்த்து எரிச்சல்பட்டு, 'இது அறிவு வளர்க்கும் இடம், வேடிக்கை காட்டும் இடமல்ல' என்று புலியைத் துரத்தியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். பால்ஃபர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. புலியைப் பார்க்க வருகிறவன் கல்லையும் பார்த்துவிட்டுத்தான் போவான் என்று கணக்குப் போட்டவர். நேராகச் சேப்பாக்கத்தில் இருந்த கர்நாடக நவாபிடம் பேசி, அவருடைய அரண்மனை மிருகங்களை மொத்தமாக மியூசியத்துக்கு வாங்கிக்கொண்டார். 1855-ல் பாந்தியன் வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை உருவானது. அடுத்த ஆண்டே விலங்கு, பறவை, ஊர்வன எல்லாம் சேர்த்து 300-க்கும் மேல்.

இந்த நவாப் விஷயத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். அவர் குலாம் கௌஸ் கான், கர்நாடக நவாப்களில் கடைசியானவர். ஆட்சி அதிகாரம் எல்லாம் அவருடைய முன்னோர் காலத்திலேயே கம்பெனிக்குப் போய்விட்டது. அவரிடம் மிஞ்சியிருந்தவை பட்டம், அரண்மனை, உதவித்தொகை, இந்த மிருகங்கள். 1855 அக்டோபரில் இறந்தார். ஆண் வாரிசு இல்லை என்ற காரணத்தைச் சொல்லி நவாப் பட்டத்தையே கம்பெனி ஒழித்துவிட்டது. சில வருஷத்தில் சேப்பாக்கம் அரண்மனையும் ஏலத்துக்கு வந்து அரசாங்கத்தின் கைக்கே போனது. ஒரே ஆண்டில் நவாப் பட்டம் மறைகிறது, நவாபின் புலிகள் ஊர் ஜனங்களின் வேடிக்கைப் பொருளாகின்றன. ராஜா வீட்டுச் சொத்தாக இருந்த ஒன்று பொதுச் சொத்தானதை நல்ல விஷயம் என்றும் சொல்லலாம், ஒரு ராஜ்ஜியத்தைக் கலைத்ததில் கிடைத்த மிச்சம் மீதி என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜனங்கள் இதற்கு வைத்த பெயர் இருக்கிறதே, அதற்கு ஈடே இல்லை. மியூசியம் முதலில் கல்லூரிக் கட்டடத்தில் இருந்ததால் காலேஜ் என்ற பேர் அதோடு ஒட்டிக்கொண்டது என்பார்கள். பாடம் செய்த மிருகங்களும் எலும்புக்கூடுகளும் இருக்கிற இடம் 'செத்த காலேஜ்'. உயிரோடு மிருகங்கள் இருக்கிற இடம் 'உயிர் காலேஜ்', பேச்சில் 'உசிர் காலேஜ்'. பட்டணம் சுற்றிப் பார்க்க வந்த கிராமத்து ஆட்கள் ஊருக்குத் திரும்பிப் போய் இந்த இரண்டு காலேஜையும் பார்த்ததைத்தான் முதலில் சொல்வார்கள். எங்கள் பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், ஆனால் "நான் ரெண்டு காலேஜும் போயிருக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். விலங்கியல் பேராசிரியர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து யோசித்தாலும் இவ்வளவு சுருக்கமாக ஒரு வகைப்பாடு செய்திருக்க மாட்டார்கள்.

இப்போது சீமைக்கு ஒரு நடை போய்வருவோம், ஏனென்றால் இந்த யோசனையே அங்கேயிருந்து வந்ததுதான். விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்களுக்கு மிருகமும் செடியும் பாண்டு வாத்தியமும் ஒரே வளாகத்துக்குள் இருக்க வேண்டும் என்பதில் பெரிய மோகம். லண்டன் ரீஜன்ட் பார்க் மிருகக்காட்சி சாலை 1828-ல் திறந்தபோது அது விலங்கியல் சங்க உறுப்பினர்களுக்கும் அவர்கள் தயவில் வருகிறவர்களுக்கும் மட்டும்தான். பொதுமக்கள் காசு கொடுத்து நுழைய 1847 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் எட்வர்டு கிராஸ் என்ற மிருக வியாபாரி 1831-ல் லண்டனின் தெற்குப் பக்கம் வால்வொர்த்தில் சர்ரே பூங்காவை ஆரம்பித்தார். ஏரி, அரிய மரங்கள், பிரம்மாண்டமான வட்டக் கண்ணாடிக் கூடம், அதற்குள் சிங்கமும் புலியும். 1834-ல் இந்தியாவிலிருந்து போன ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகம், 1836-ல் ஒட்டகச்சிவிங்கிகள். ராத்திரியானால் ஏரிக்கரையில் திரை கட்டி, வாணம் விட்டு, எரிமலை வெடிப்பதுபோல் காட்டுவார்கள். நம்ம ஊர் பொருட்காட்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அது காசு போட்டுக் காசு பார்க்கிற இடம். வரவு குறைந்ததும் 1856-ல் மிருகங்களை விற்று அந்தப் பணத்தில் ஒரு பெரிய இசை அரங்கம் கட்டினார்கள். அரங்கம் திறந்த அதே வருஷம், ஒரு பிரசங்கக் கூட்டத்தில் யாரோ 'தீ, தீ' என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் 7 பேர் செத்தார்கள். 1861-ல் அரங்கம் நிஜமாகவே எரிந்தது. பிறகு நிலத்தைப் பிரித்து வீடு கட்டிவிட்டார்கள். லண்டனில் மிருகங்கள் ஏலம் போன அதே சமயத்தில்தான் சென்னையில் பாந்தியன் தோட்டத்தில் கூண்டுகள் நிரம்பிக்கொண்டிருந்தன. அங்கே முதலாளி, இங்கே அரசாங்கம். அங்கே ஒரு ஷில்லிங் டிக்கெட், இங்கே இலவசம். பணம் போட்டவன் லாபம் கேட்டதால் சர்ரே பூங்கா 25 வருஷத்தில் போனது. சென்னைப் பூங்காவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அதற்கு வந்த வியாதி வேறு.

1859-ல் கவர்னராக வந்தவர் சர் சார்லஸ் ட்ரெவெல்யன். அயர்லாந்தின் கொடும் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்துகொண்டு, உதவியைக் கறாராகக் கட்டுப்படுத்தினார் என்று ஐரிஷ்காரர்கள் இன்றுவரை மன்னிக்காத அதே ட்ரெவெல்யன்தான். சென்னையில் அவர் இருந்தது ஒரு வருஷத்துக்குச் சற்று மேல்தான். கல்கத்தாவில் இருந்த இந்திய அரசாங்கம் புதிதாகக் கொண்டுவந்த வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்ததற்காக 1860-ல் திருப்பி அழைக்கப்பட்டுவிட்டார். அந்தக் குறுகிய காலத்தில் அவர் கிளப்பிவிட்ட வேலைகளில் ஒன்று இந்த மக்கள் பூங்கா.

இடத்தை ஏன் அங்கே பார்த்தார் என்பது புரிய வேண்டுமானால் அன்றைய ஊரின் எல்லையைப் பார்க்க வேண்டும். ஜார்ஜ் டவுன் என்று இப்போது நாம் சொல்கிற கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஒரு மதில் இருந்தது. அதன் மேற்குப் பக்கத்தின் ஞாபகம்தான் சென்ட்ரலை ஒட்டிப் போகிற வால்டாக்ஸ் ரோடு. சுவர் கட்டியதற்கு வரி, அந்த வரி பெயரில் ஒரு சாலை! அந்த மதில் பயனற்றுப் போய் இடிக்க ஆரம்பித்த காலம் அது. மதிலுக்கு வெளியே தாழ்வான நிலம், மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிற பூமி. தேங்குகிற தண்ணீரைக் குளமாக்கி, மேட்டில் மரம் நட்டு, சந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிற ஜனங்கள் சாயங்காலம் வந்து மூச்சுவிட ஒரு இடம் செய்யலாம் என்பது நல்ல யோசனைதான். 11 குளங்கள் அழகுக்காக மட்டும் வந்திருக்காது என்பது என் எண்ணம். இன்றைக்கும் பெருமழை நாளில் சென்ட்ரல் வாசலில் தண்ணீர் முட்டிக்கு நிற்கும்போது, எந்தக் குளத்துக்குப் போக வேண்டிய தண்ணீரோ என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

1860-களின் தொடக்கத்தில் மிருகக்காட்சி சாலையை நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். மிருகங்கள் பாந்தியனை விட்டுப் பூங்காவுக்கு இடம் மாறின. செத்த காலேஜ் எழும்பூரிலும் உயிர் காலேஜ் பூங்காவிலுமாகப் பாகப்பிரிவினை ஆனது அப்போதுதான்.

பூங்காவுக்கு வந்த வியாதி என்றேனே, அதற்கு இரண்டு காரணம். ஒன்று இடம். 1873-ல் பக்கத்திலேயே சென்ட்ரல் ஸ்டேஷன் எழுந்தது. ஊருக்கு வெளியே கிடந்த சதுப்பு நிலம் ஒரே தலைமுறையில் மாகாணத்தின் வாசற்படியாகிவிட்டது. இன்னொன்று பட்டா. நிலம் நகராட்சியுடையது, மேலே இருப்பது மரமும் புல்லும் குளமும். புதிதாகப் பொதுவேலை ஏதாவது செய்ய வேண்டுமா? யாருடைய வீட்டையும் இடிக்க வேண்டாம், யாருக்கும் நஷ்டஈடு தர வேண்டாம், கோர்ட்டுக்குப் போக ஆளும் இல்லை. மரம் வக்கீல் வைக்குமா? ஊருக்கு நடுவில் சும்மா கிடக்கிற இடம் என்று நினைப்பு வந்துவிட்டால் அப்புறம் அதைக் காப்பாற்றுவது கஷ்டம். கிராமத்தில் ஏரிப் புறம்போக்குக்கு என்ன நடக்கிறதோ அதுவேதான் இங்கேயும் நடந்தது, கொஞ்சம் கௌரவமாக.

முதல் பெரிய துண்டு டவுன் ஹாலுக்குப் போனது. லண்டனில் இருப்பதுபோல் சென்னைக்கும் ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, விஜயநகரம் ஜமீன்தார் ஆனந்த கஜபதி ராஜு உள்ளிட்டவர்கள் பணம் போட, 1886-ல் நகராட்சி பூங்காவிலிருந்து 57 கிரவுண்டை 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. கிரவுண்டுக்கு 8 அணா. பெருக்கிப் பாருங்கள், 28 ரூபாய் சொச்சம்தான் வருகிறது. ராணியின் பொன்விழாவை ஒட்டி அதற்கு விக்டோரியா பப்ளிக் ஹால் என்று பெயர். சிவப்புச் செங்கல், கட்டடக் கலைஞர் சிஷோம் போட்ட வரைபடம். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது அங்கேதான். சென்னையில் சலனப்படம் முதன்முதலாகக் காட்டப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. அந்தக் கட்டடத்தை யார் குறை சொல்ல முடியும்? எனக்கே அது ரொம்பப் பிடிக்கும். 3 ஏக்கர்தானே போயிற்று, இன்னும் 113 ஏக்கர் இருக்கிறதே என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அதே 1886-ன் கடைசி நாளில் பூங்காவில் ஒரு பெரிய சோகம் நடந்தது. வருஷக் கடைசியில் அங்கே பார்க் ஃபேர் என்று ஒரு பொருட்காட்சி போடுவார்கள். டிசம்பர் 31 அன்று அதில் தீப்பிடித்து, எரிந்தும் நெரிசலில் மிதிபட்டும் நூற்றுக்கணக்கானோர் இறந்துபோனார்கள். கும்பகோணம் தீ விபத்தை மறக்காத நாம் இதை முழுக்க மறந்துவிட்டோம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பதாலா, நினைவு வைத்துக்கொள்ள அந்த இடமே இல்லாமல் போனதாலா என்று எனக்குப் புரிவதில்லை.

அடுத்தது மூர் மார்க்கெட். பிராட்வே பக்கம் நெரிசலாகக் கிடந்த பழைய சந்தையைக் காலி செய்து, கடைக்காரர்களுக்கு ஒழுங்கான இடம் தர வேண்டும் என்று நகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898-ல் அடிக்கல் நாட்டினார், 1900-ல் திறந்தது. இதுவும் நல்ல காரியம்தான். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, வளர்ப்புப் பறவை, அலாரம் கடிகாரம், எவன் வீட்டிலிருந்து வந்ததென்றே தெரியாத சைக்கிள் விளக்கு என்று கிடைக்காத பொருள் இல்லை. சென்னையில் இரண்டு தலைமுறை வாசகர்கள் உருவானதே அதன் நடைபாதைகளில்தான்.

அப்புறம் வந்ததுதான் வேடிக்கை. பூங்காவைக் காப்பாற்ற வேண்டிய நகராட்சியே தனக்கு ஒரு தலைமை அலுவலகம் வேண்டும் என்று முடிவுசெய்து, இடத்துக்குப் பூங்காவைத்தான் கைகாட்டியது. வேலியே பயிரை மேய்ந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் சென்னையில் கிடையாது. 1909-ல் வைஸ்ராய் மின்டோ பிரபு அடிக்கல் நாட்ட, லோகநாத முதலியார் கட்ட, ஏழரை லட்சம் ரூபாய் செலவில் 1913-ல் ரிப்பன் மாளிகை எழுந்தது. வெள்ளை வெளேரென்று, கோபுரக் கடிகாரத்தோடு. மாநகராட்சிக் கூட்டங்களில் பூங்காக்களைப் பற்றி விவாதிக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார்ந்திருப்பது ஒரு பூங்காவின் மேல்தான்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். மேற்குப் பக்கம் மாநகராட்சி விளையாட்டரங்கம் வந்தது, அதாவது இப்போதைய நேரு ஸ்டேடியம். கிரிக்கெட் பைத்தியங்களுக்கு இந்த இடம் தெரிந்திருக்கும்: 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் எடுத்தது இந்த மைதானத்தில்தான். 2008 வரை உலகத்தில் யாராலும் அதைத் தாண்ட முடியவில்லை. அல்லிக்குளம் தூர்ந்து, அந்தப் பெயரில் கடை வளாகம் வந்தது. இப்போது அங்கே அல்லியும் இல்லை குளமும் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. மண்டபம் வேண்டாமா, மார்க்கெட் வேண்டாமா, பிள்ளைகள் விளையாட மைதானம் வேண்டாமா? நில மாஃபியா ஒருவன் வந்து வளைத்திருந்தால் ஊரே எதிர்த்து நின்றிருக்கும். இங்கே எடுத்தவன் எல்லோரும் பொதுநலத்தின் பெயரில்தான் எடுத்தான், அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் உயிர் காலேஜ் மட்டும் நகராமல் அங்கேயே இருந்தது, சுருங்கிக்கொண்டே. என் அத்தை கல்யாணமாகிப் பெரியமேட்டுக்கு வாழ வந்தவள். 'விடியக்காலையில் சிங்கம் கத்தும், அதைக் கேட்டுத்தான் எழுந்து வாசல் தெளிப்பேன்' என்பாள். ஒருபுறம் ரயில் ஊதல், ஒருபுறம் பஸ் ஹாரன், நடுவில் இரும்புக் கூண்டுக்குள் அந்தச் சிங்கம். குழந்தைகளுக்குக் குதூகலமாக இருந்திருக்கும், சிங்கத்துக்கு எப்படி இருந்திருக்கும்? இந்த விஷயத்தில் நான் பழம்பெருமை பேச விரும்பவில்லை. சத்தமும் இடநெருக்கடியும் தாங்க முடியாமல்தான் 1975-ல் மிருகங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோக முடிவெடுத்தார்கள். அடுத்த ஆண்டு வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கரை வனத்துறை ஒதுக்கியது, 1979-ல் வேலை ஆரம்பித்தது. பழைய பூங்கா முழுசாக இருந்தபோதுகூட அதன் பத்து மடங்குக்கு மேல். கூண்டுக்குப் பதில் அகழி, கம்பிக்குப் பதில் மரம். மிருகங்களுக்கு அதைவிட நல்லது அந்தக் காலத்தில் வேறெதுவும் செய்திருக்க முடியாது.

1985 என்ற வருஷம்தான் எனக்குத் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. அந்த ஆண்டு மே 30-ம் தேதி மூர் மார்க்கெட் எரிந்து போனது. ரயில்வே விரிவாக்கத்துக்கு அந்த நிலத்தின் மேல் ஏற்கெனவே கண் இருந்ததால், தீ எப்படி வந்தது என்பதைப் பற்றி ஊரில் இன்றுவரை பேச்சு ஓயவில்லை. ஜூலை 24-ல் வண்டலூரை முதல்வர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். விக்டோரியா ஹாலின் 99 வருஷக் குத்தகை காலாவதியானதும் அதே 1985-ல்தான். பூங்காவை முதலில் கடித்த வாயும், கடைசியாக அங்கே மிச்சமிருந்த உயிரும், நடுவில் வந்த மார்க்கெட்டும் ஒரே வருஷத்தில் கணக்கை முடித்துக்கொண்டது போல. தற்செயல்தான், ஆனாலும் நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் முனையமும் முன்பதிவு வளாகமும். மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்பதுதான் அதன் ரயில்வே பெயர். அரக்கோணத்திலிருந்தோ கும்மிடிப்பூண்டியிலிருந்தோ வருகிற லோக்கல் ரயிலின் நெற்றியில் எம்.எம்.சி. என்று ஒளிரும். அதில் வருகிற காலேஜ் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த முதல் 'எம்' யாரென்று தெரியும்? சென்ட்ரலுக்கு 2019-ல் எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள். இங்கேயிருந்து போன மிருகங்களுக்கு வண்டலூரைத் திறந்துவைத்தவரின் பெயர், அவை விட்டுப்போன இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

மிச்சம் ஏதும் இல்லையா என்றால் கொஞ்சம் இருக்கிறது. ரிப்பன் மாளிகைக்குப் பின்பக்கம் மை லேடீஸ் பூங்கா. ஒரு காலத்தில் மலர்க் கண்காட்சி நடந்த தோட்டம், பழைய 116 ஏக்கரின் கடைசித் துணுக்கு. லண்டன் வால்வொர்த்திலும் இதே கதைதான், சர்ரே பூங்காவின் ஒரு மூலை மட்டும் பாஸ்லி பார்க் என்ற பெயரில் பிழைத்துக் கிடக்கிறது. நகரங்கள் தின்று முடித்த பிறகும் தட்டோரத்தில் ஒரு கவளத்தை ஏனோ விட்டுவைக்கின்றன. போன நிலம் திரும்பி வருவதும் முடியாத காரியமில்லை: கதீட்ரல் ரோட்டில் தோட்டக்கலைச் சங்கத்தின் வசமிருந்த நிலத்தில் பல வருஷம் டிரைவ்-இன் ஹோட்டல் நடந்து, அது மூடப்பட்டு, 2010-ல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது. ஆனால் ரிப்பன் மாளிகையையும் நேரு ஸ்டேடியத்தையும் யாரும் திரும்பப் புல்வெளி ஆக்கப்போவதில்லை, அது எனக்கும் தெரியும்.

எனக்கு வருத்தம் மிருகங்கள் போனதில் இல்லை. போனது நடந்துபோகிற தூரம். கையில் காசில்லாதவன், ராயபுரத்திலிருந்தோ சூளையிலிருந்தோ பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வந்து, காசு கொடுக்காமல் புலியைக் காட்டிவிட்டு, குளத்தங்கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுவிட்டு, இருட்டுவதற்குள் நடந்தே வீடு திரும்ப முடிந்தது. பால்ஃபர் புலியை வைத்துக் கூட்டம் சேர்த்ததும், ட்ரெவெல்யன் மதிலுக்கு வெளியே இடம் பார்த்ததும் இந்த ஆளுக்காகத்தான். இப்போது அவன் வண்டலூர் போக வேண்டுமானால் ரயில், டிக்கெட், உள்ளே சுற்ற வண்டி, மதியச் சாப்பாடு என்று ஒரு நாள் கூலிக்கு மேல் ஆகும்.

நாலைந்து வருஷத்துக்கு முன் அத்தையை வண்டலூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பெரியமேட்டிலிருந்து ஆட்டோவில் வந்து சென்னைப் பூங்கா ஸ்டேஷனில் இறங்கினோம், செங்கல்பட்டு வண்டிக்காக. அத்தை பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே எதிர்ப்பக்கம் தெரிந்த சென்ட்ரல் கோபுரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உசிர் காலேஜ் போறதுக்கு ரயில் ஏறணுமா, நல்ல கூத்துடா" என்றாள். அதற்குள் வண்டி வந்துவிட்டது.